அத்தை வாசலைத் தாண்டுவதில்லை: கட்டாயப்படுத்தலாமா?

பெயரும் முகவரியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு மருமகள் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம்:

மாமியாருக்கு 73 வயது. கல்யாணமான நாளிலிருந்து கும்பகோணத்தில், கும்பேஸ்வரர் கோயிலுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் மாமனார் காலமானதும், தனியாக இருக்க வேண்டாமென்று மகன் சென்னைக்கு அழைத்து வந்துவிட்டார். புறநகரில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வந்த புதிதில் சாயங்காலம் கீழே இறங்கித் தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை போய்வந்தார். அப்புறம் அது வாரம் ஒரு முறை ஆனது. இப்போது ஆறு மாதமாக, டாக்டரிடம் போவதையும் தட்ட முடியாத கல்யாணங்களையும் தவிர, வாசலைத் தாண்டுவதில்லை. பால்கனியில் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேட்டால் ஒரு நாள் "முட்டி வலி", மறுநாள் "வெயில்", அதற்கு மறுநாள் "எனக்கென்ன வெளியில வேலை?"

சர்க்கரை நோய் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரை வெகுநாளாக உண்டு. ஏழெட்டு மாதங்களுக்கு முன் கணுக்கால் வீங்கியது என்று காட்டப் போனபோது லாசிக்ஸ் என்ற நீர் மாத்திரையும் சேர்ந்தது. (மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், புத்திசாலி.) கண்புரை அறுவைக்குப் பிறகு புது பைஃபோகல் கண்ணாடி. போன ஆவணியில் குளியலறையில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார், அடி ஒன்றுமில்லை.

"நடக்க ஷூ வாங்கிக் கொடுத்தோம், தொடவில்லை. வீட்டுக்குள்ளேயே மிதிக்கட்டும் என்று சைக்கிள் வாங்கினோம், அதில் துண்டு காய்கிறது. காய்கறி, மருந்து, பூ, அவருடைய வெற்றிலைபாக்குகூட ஆப்பில் வந்துவிடுகிறது. குடும்ப ஓய்வூதியத்துக்கான ஆயுள் சான்றுக்கும் தபால்காரரையே வீட்டுக்கு வரவழைத்தோம். அவர் எதற்கும் அலைய வேண்டியதில்லை. என் கணவர், வயசானா அப்படித்தான், விழாம வீட்டுக்குள்ள பத்திரமா இருந்தா போதும் என்கிறார். கீழ்வீட்டில் நான் மாமியாரை வெளியே விடுவதே இல்லை என்று பேசுகிறார்கள். கட்டாயப்படுத்தி நடக்க வைக்கலாமா? இது மனச்சோர்வா? ஊருக்கே திருப்பி அனுப்பிவிடலாமா?" என்பது அவர் கேள்வி.

கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் இப்படியும் எழுதியிருக்கிறார்: "கல்யாணம், காதுகுத்து என்றால் வருவார். ஆனால் அன்று காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். கிளம்புவதற்குள் மூன்று தடவை பாத்ரூம் போவார். பந்தியில் கை கழுவியதும் கிளம்பு கிளம்பு என்று அவசரப்படுத்துவார்."

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கல்யாண வரியில்தான் என் கண் நின்றது. முட்டி வலி, வெயில் என்று அத்தை சொல்வதெல்லாம் பொய்யில்லை. ஆனால் வெளியே கிளம்பும் அன்று மட்டும் ஒருவர் தண்ணீரை நிறுத்திவிடுகிறார் என்றால், போகிற இடத்தில் அடக்க முடியாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஒரு கடிதத்தை வைத்து நோய் சொல்லக் கூடாது. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்று சொல்லலாம்.

அதற்கு முன் உங்கள் கணவர் சொன்னதைப் பார்த்துவிடுவோம். வயதானால் எல்லோரும் மெதுவாகிறார்கள், சரி. ஆனால் தினம் கோயிலுக்கு நடந்தவர் இரண்டே வருடத்தில் பால்கனியோடு நின்றுபோனதற்கு வயது மட்டும் காரணமாக இருக்காது. நடுவில் என்னவோ மாறியிருக்கிறது. வீட்டுக்குள் இருந்தால் விழமாட்டார் என்பதும் சரியில்லை. அத்தை சறுக்கியது தெருவில் அல்ல, உங்கள் வீட்டுக் குளியலறையில். நடமாட்டம் குறைந்தால் தொடைத் தசை கரையும், தசை கரைந்தவர்தான் அதிகம் விழுவார். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு காலிலும் சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிருந்தது. அத்தை படுத்திருக்கவில்லை, உட்கார்ந்திருக்கிறார். போகிற திசை ஒன்றுதான்.

ஜெருசலேமில் 1920, 1921 ஆண்டுகளில் பிறந்தவர்களை அவர்களுடைய 70 வயதிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். தினமும் வீட்டைவிட்டு வெளியே போனவர்கள், எப்போதாவது போனவர்களைவிடத் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்ளும் நிலையில் நீடித்தார்கள். கூடுதல் காலம் உயிரோடும் இருந்தார்கள். நல்ல உடம்புக்காரர்கள்தானே வெளியே போவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நடக்கச் சிரமப்பட்டவர்களிடமும் இதே வித்தியாசம் தெரிந்தது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். எவ்வளவு தூரம் போனார்கள் என்று அதில் கணக்கெடுக்கவில்லை. வாசல் தாண்டினார்களா என்பதுதான் கேள்வி.

கீழ்வீட்டுப் பேச்சுக்கு நான் மருந்து தர முடியாது. ஆனால் அத்தை வாசல் தாண்டாததற்கு நீங்கள் காரணம் என்று இந்தக் கடிதத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்றைக்கு ஒரு தாளை எடுத்துக்கொண்டு அத்தையோடு உட்காருங்கள். படுக்கை அறை, வீட்டின் மற்ற அறைகள், வீட்டு வாசல் அல்லது மொட்டை மாடி, நம் தெரு, நம் ஊர், வெளியூர். கடந்த நான்கு வாரங்களில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் போனார், யாராவது கையைப் பிடித்தார்களா, தனியாகவா என்று எழுதுங்கள். அதே தாளில் பக்கத்திலேயே இன்னொரு பத்தியில், மாமா இருந்த காலத்தில் கும்பகோணத்தில் எப்படி என்றும் எழுதுங்கள். முதியோர் மருத்துவத்தில் நாங்கள் பயன்படுத்தும் ஓர் அளவையின் எளிய வடிவம் இது. இரண்டு பத்திக்கும் நடுவில் எங்கே வெட்டு விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சிலர் சுபாவத்திலேயே வீட்டுப்பறவைகள். அவர்களை யாரும் விரட்ட வேண்டாம். அத்தை அந்த ரகம் இல்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

முதலில் கழிப்பறை

இந்தப் பேச்சை நீங்கள்தான் எடுக்க வேண்டும். மகன் எதிரில் எடுக்கவே கூடாது. "அத்தை, இருமினா தும்மினா கொஞ்சம் கசியுதா? பாத்ரூம் போறதுக்குள்ள அவசரமாயிடுதா? அடியில கனமா ஏதாவது இறங்குற மாதிரி இருக்கா?" இந்த மூன்று கேள்வி போதும். மூன்றாவது கருப்பை இறக்கம் பற்றியது. பிள்ளை பெற்ற பெண்கள் பலர் அதைப் பல வருடம் வாய் திறக்காமல் சுமக்கிறார்கள். டாக்டரிடம் போனால் "முட்டி வலிக்குதுங்க" என்பார்கள். கூட மகன் நிற்பார், எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

இப்போது அந்த மருந்துச் சீட்டு. அம்லோடிபின் நல்ல மருந்துதான். ஆனால் அது சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். இந்த வீக்கம் மருந்தினால் வந்ததாக இருந்தால், அதற்கு நீர் மாத்திரை சேர்ப்பது ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை கொடுப்பது போல ஆகிவிடுகிறது. வீக்கம் பெரிதாக வடியாது, சிறுநீர் அவசரம் மட்டும் கூடும். நீர் மாத்திரை சேர்ந்து ஏழெட்டு மாதம், அத்தை கீழே இறங்காமல் ஆறு மாதம். தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் முதலில் விசாரிப்பேன்.

இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ அது கொடுக்கப்பட்டிருக்கலாம். எழுதிக் கொடுத்தவரிடமே போய், "இந்த வீக்கம் அம்லோடிபினால் வந்திருக்குமா, அதை மாற்றினால் நீர் மாத்திரை தேவைப்படுமா?" என்று கேளுங்கள். தொடரத்தான் வேண்டும் என்றால் நேரத்தைப் பேசுங்கள். லாசிக்ஸ் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பித்து, ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். காலையில் போட்டுக்கொண்டால் மாலைக் கோயிலுக்குத் தொந்தரவு இருக்காது. ஒரு நாள் காலையிலேயே வெளியே போக வேண்டும் என்றால் திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைக் குறைப்பது பலன் தராது. சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப் பை எரிச்சல்பட்டு அவசரம் இன்னும் கூடும். மலச்சிக்கல் வந்தால் அதுவும் பையை நெருக்கும். சென்னை வெயிலில் தலைசுற்றலும் சேர்ந்துகொள்ளும். கிளம்பும் முன் இரண்டு மணி நேரம் காபி டீயை மட்டும் தள்ளிவைக்கலாம். இருமினால் கசிகிறது என்றால், சிறுநீரைப் பாதியில் நிறுத்தும்போது எந்தத் தசையை இறுக்குவோமோ அதை, சிறுநீர் கழிக்காத நேரத்தில், ஐந்து விநாடி இறுக்கி ஐந்து விநாடி விடச் சொல்லுங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை வெளியே போகும்போது வைத்துக்கொள்ளப் பேட் இருக்கிறது. வாங்கிக் குளியலறை அலமாரியில் வைத்துவிட்டு, "இது நமக்கு" என்று சொல்லுங்கள். டயப்பர் என்ற சொல் உங்கள் வாயில் வரவே வேண்டாம்.

கூட்டிப் போகும் இடத்தில் கழிப்பறை எங்கே, குந்தும் வகையா வெஸ்டர்னா என்று நீங்கள் முன்பே பார்த்துவந்து போகிறபோக்கில் சொல்லிவிடுங்கள். "மண்டபத்துல பந்திக்குப் பக்கத்துலயே இருக்கு அத்தை, சுத்தமா இருக்கு." அந்த ஒரு வாக்கியம் கேட்டால் பாதி பயம் போகும்.

படியும் சறுக்கலும்

விழுந்தவரைவிட, விழப்போய்த் தப்பித்தவருக்குப் பயம் குறைவு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆவணிச் சறுக்கலுக்குப் பிறகு அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாரா என்று கவனியுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வைத்து, மூன்று மீட்டர் தூரத்தில் தரையில் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். பக்கத்தில் நின்றுகொண்டு செல்போனில் நேரம் பாருங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று கணக்கு. பிசியோதெரபி நிபுணரைப் பார்க்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது ரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் மேல் அளவு 20 இறங்கினால், அத்தை சொல்லும் "ஒரு மாதிரியா வருது" என்ன என்று புரிந்துவிடும். அதற்கும் மாத்திரைதான் காரணமாக இருக்கும் பல நேரம்.

அப்புறம் அந்தக் கண்ணாடி. பைஃபோகலின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. படி இறங்கும்போது கண் கீழே பார்க்கும், படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும். இரண்டு மாடி இறங்க வேண்டியவருக்கு இது சின்ன விஷயமில்லை. தூரப் பார்வைக்கு மட்டும் ஒரு தனிக் கண்ணாடி போட்டுக் கொடுங்கள், வெளியே போக அதுதான். ஒவ்வொரு படி விளிம்பிலும் மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு இழுக்கவும், இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி போடவும், முதல் மாடித் திருப்பத்தில் வழியை அடைக்காமல் ஒரு நாற்காலி வைக்கவும் குடியிருப்புச் சங்கத்திடம் பேச வேண்டும். இது உங்கள் கணவரின் பொறுப்பு. எல்லாவற்றையும் நீங்களே தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஷூவை அவர் தொடாததில் எனக்கு ஆச்சரியமில்லை. புடவைக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூச்சமாக இருக்கும். குதிகாலில் வார் உள்ள, அடி வழுக்காத செருப்பு போதும். ஹவாய் செருப்பு மட்டும் வேண்டாம். படி ஏறும்போது வலி குறைந்த காலை முதலில் வைக்கட்டும், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் இறக்கட்டும். பலர் இதை மாற்றிச் செய்துவிட்டு முட்டியைத் திட்டுகிறார்கள். கைத்தடி தேவைப்பட்டால், அதை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நேராக நிற்கும்போது பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும். "கிழவி மாதிரி இருக்கு" என்று சொல்வார். முதல் சில நாள் மொட்டை மாடியில், யாரும் பார்க்காத இடத்தில் பழகட்டும்.

வீட்டுக்குள் செய்ய ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன். நாற்காலியிலிருந்து, முடிந்தால் கையை ஊன்றாமல், எழுந்து உட்காருவது. ஐந்தில் ஆரம்பித்துப் பத்துவரை, நாளைக்கு இரண்டு வேளை. நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும், நகரக் கூடாது. அந்தச் சைக்கிளைத் தேவைப்படுபவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

தெருவைப் பற்றி நான் என்ன சொல்ல? நடைபாதையில் டூவீலர் நிற்கிறது, டூவீலர் ஓடவும் செய்கிறது, நாய்கள் படுத்திருக்கின்றன, வடிகால் மூடி ஆடுகிறது. 73 வயதுக்காரர் பயப்படுவது கோழைத்தனம் அல்ல. அத்தையோடு போவதற்கு முன் நீங்கள் ஒரு தடவை அந்தப் பாதையில் நிதானமாக நடந்து பாருங்கள். குறுக்கு வழியைத் தேடாதீர்கள், நடுவில் உட்கார இடமுள்ள வழியைத் தேடுங்கள். மருந்துக் கடை பெஞ்ச், கோயில் திண்ணை, டெய்லர் கடை ஸ்டூல், எதுவானாலும் சரி. வெயில் ஏறுவதற்கு முன், இல்லாவிட்டால் ஐந்து மணிக்குப் பிறகு.

போவதற்கு ஒரு வேலை

உடம்பையும் வழியையும் சரிசெய்தாலும் அத்தை "எனக்கென்ன வெளியில வேலை?" என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம். அந்த வேலைகளையெல்லாம் நீங்கள் அன்போடு அவரிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

கும்பகோணத்தில் அத்தை ஒரு நாள்கூட வாக்கிங் போயிருக்க மாட்டார். பூ வாங்கப் போனார், பிரதோஷத்துக்குப் போனார், ரேஷனுக்குப் போனார், போன இடத்தில் நாலு பேரிடம் பேசினார். நடை அதில் தானாகச் சேர்ந்தது. இங்கே எல்லாம் பையில் போட்டு வாசலுக்கு வருகிறது. வீடுதேடி வரும் சேவைகளை நான் குறை சொல்லவில்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், முதியவர்களுக்கு ரேஷன் பொருளை வீட்டில் கொடுக்க 2025 ஆகஸ்ட்டில் வந்த தாயுமானவர் திட்டம், 70 ரூபாய்க்கு வீட்டிலேயே ஆயுள் சான்று எடுத்துத் தரும் தபால்காரர் எல்லாம் நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி. நடக்கக் கூடியவருக்கு அத்தனையையும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வரவழைத்தால், அவர் செருப்பு மாட்டக் காரணமே மிஞ்சாது.

ஒரே ஒரு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். வெற்றிலையை ஆப்பில் வாங்குவதை நிறுத்துங்கள். கும்பகோணத்தில் கொழுந்து வெற்றிலை பார்த்து எடுத்துப் பழகியவருக்கு, பாக்கெட்டில் வரும் தடித்த வெற்றிலை எப்படிப் பிடிக்கும்? தெருமுனையில் அவரே போய்ப் புரட்டிப் பார்த்து வாங்கட்டும். (பாக்கு வாய்ப்புற்றுநோயைத் தரக்கூடியது என்று டாக்டராக நான் சொல்லியே ஆக வேண்டும், பாக்கைக் குறைத்துக்கொண்டே வந்து விட்டுவிடச் சொல்லுங்கள். வெற்றிலைக் கடைக்குப் போவதை விட வேண்டாம்.)

பணம் அவர் கையில் இருக்கட்டும். குடும்ப ஓய்வூதியம் அவருடையது. ஏடிஎம் அட்டை யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மகனிடம் இருந்தால், மாதம் ஒரு தொகையாவது அத்தையின் சுருக்குப் பைக்குப் போக வேண்டும், கணக்குக் கேட்காமல். அவர் கீரைக் கட்டு வாங்கிக்கொண்டு மூச்சு வாங்கப் படி ஏறி வரும்போது, "இதே கீரை ஆப்புல அஞ்சு ரூபா கம்மி அத்தை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை போக மாட்டார்.

படியும் கழிப்பறையும் கொஞ்சம் சரியானதும் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து நகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எந்த வயதுப் பெண்ணானாலும் ஏறலாம். ஏறும் படி உயரம் என்பதுதான் தொல்லை. தாழ்தளப் பேருந்து ஓடும் தடமா என்று பாருங்கள். கூட்டமில்லாத மதியத்தில், இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கும் கோயிலுக்கு, முதல் தடவை நீங்கள் கூடவே போய்வாருங்கள்.

நவராத்திரிக்குக்கூட யார் வீட்டுக் கொலுவுக்கும் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கணவரை இழந்த பெண்ணைத் தாம்பூலத்துக்குக் கூப்பிடாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. கூப்பிட்டாலும் அங்கே எப்படி நடத்துவார்களோ என்று இவர்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள். இதற்கு மாத்திரை கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் மேலே ஏறி வந்து, "அம்மா, நீங்க வந்தாதான் ஆச்சு" என்று நேரில் அழைத்தால் அது வேலை செய்யும். அப்படி ஒருவரை நீங்கள் தேடிப் பிடிக்கலாம். பேசுகிறார்கள் என்று சொன்னீர்களே, அந்தக் கீழ்வீட்டுப் பெண்மணியாகவே இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மனச்சோர்வா?

இருக்கலாம். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாள் எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறாரா, மனசு பாரமாக இருக்கிறதா? இந்த இரண்டில் ஒன்றுக்காவது ஆம் என்றால், அத்துடன் தூக்கம், பசி குறைந்து உடம்பும் இளைத்திருந்தால், தள்ளிப்போடாமல் காட்டுங்கள். முதியவர்களின் மனச்சோர்வு குணமாகக் கூடிய நோய். துக்கம்தானே, இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. "போய்ச் சேர்ந்தா தேவலை" என்று அடிக்கடி சொன்னால், சும்மா சொல்கிறார் என்று ஒதுக்காமல் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். டெலிமானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416 எந்த நேரமும் கிடைக்கும். ஆனால் பால்கனியில் உட்கார்ந்து யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று உங்களுக்கே சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உலகத்தில் ஆர்வம் போனவர் அப்படிச் சொல்ல மாட்டார். அதனால்தான் நான் மனசைவிடச் சிறுநீர்ப் பையை முதலில் சந்தேகப்படுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். பழகிய வழியில் திரும்பத் தடுமாறுகிறாரா, காசு எண்ணிக் கொடுப்பதில் குழம்புகிறாரா? வழி தப்பிவிடுமோ என்ற பயத்தை முட்டி வலி என்று மறைப்பவர்கள் உண்டு. அப்படியென்றால் நினைவாற்றல் சோதனை தேவை. படிப்படியாக இல்லாமல் சில நாட்களுக்குள் நடமாட்டம் நின்றுபோனால், நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, மயக்கம், ஒரு பக்கம் பலவீனம் என்று ஏதாவது வந்தால், இந்தக் கடிதத்தையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கட்டாயப்படுத்துவதா, ஊருக்கு அனுப்புவதா?

கட்டாயம் வேண்டாம். சொந்த அறிவோடு இருக்கும் ஒரு மனுஷியை எங்கே போக வேண்டும், போகக் கூடாது என்று தீர்மானிக்க உங்களுக்கோ மகனுக்கோ எனக்கோ உரிமையில்லை. அவரை வைத்துக்கொண்டே பேசி முடிவெடுங்கள். நடைமுறையிலும் அது பலிக்காது: ஒரு தடவை இழுத்துக்கொண்டு போய், அன்று வழியில் புடவை நனைந்துவிட்டால், அதற்கப்புறம் வருடக்கணக்கில் வெளியே வர மாட்டார்.

ஊருக்கு அனுப்புவதை நீங்கள் தோல்வி போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே தெரிந்த தெரு, தெரிந்த முகம், இறங்கப் படியில்லாத தரைவீடு. எதிர்ப்பக்கம், இரவில் தனிமை, வழுக்கும் பழைய குளியலறை, திடீரென்று ஏதாவது என்றால் பார்க்க ஆள் யார் என்ற கேள்வி. நிரந்தரமாக என்று ஆரம்பிக்காதீர்கள். மாத்திரை விஷயம் சரியான பிறகு ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வரட்டும். குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத மிதியடியும், இரவுத் துணைக்கு ஒருவர், தினமும் எட்டிப் பார்க்க ஓர் உறவுக்காரர் என்று ஏற்பாடு செய்துவிட்டு அனுப்புங்கள். அங்கே போனதும் கோயிலுக்கு நடக்கிறார் என்றால் சிக்கல் உங்கள் படியிலும் தெருவிலும் இருக்கிறது. அங்கேயும் வீட்டோடு இருக்கிறார் என்றால் உடம்பில் இருக்கிறது. எப்படியானாலும் உங்களுக்கு விடை கிடைக்கும்.

டாக்டரிடம் போகும்போது

எழுதிக் கொடுத்த மருத்துவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு மேல் தேவைப்பட்டால் முதியோர் நலப் பிரிவு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே முதியோருக்கென்று தனி வெளிநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். இப்போது கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு டாக்டர் என்று அலையாமல், மாத்திரை, கண், கால், சிறுநீர், மனசு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது இந்தப் பிரிவுகளின் வேலை.

வீட்டில் அத்தை சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் முட்டி வலி மாத்திரையும் அதில் இருக்க வேண்டும். அந்த வகைகளில் பல ரத்த அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாட்டு மருந்து, லேகியம் இருந்தால் அதுவும். போவதற்கு முன் மூன்று நாள், எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்குச் சிறுநீர் போனார், எப்போது கசிந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அறைக்குள் நீங்கள் மட்டும் கூடப் போங்கள், மகன் வெளியே உட்காரட்டும். பெண் மருத்துவராக இருந்தால் அத்தைக்குப் பேச எளிதாக இருக்கும். உள்ளே போனதும் நீங்கள் பேச ஆரம்பிக்காமல், முதல் ஐந்து நிமிடம் அத்தையையே பேச விடுங்கள்.